பத்தாம் வகுப்புப் பையன் வீட்டில் பேசுவதே இல்லை: என்ன செய்யலாம்?

ஒரு தாய் கேட்ட கேள்வி இது. மகன் பத்தாம் வகுப்பு. போன வருடம் வரை அடுப்படியில் வந்து உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வான். இப்போது வந்ததும் பையை வீசிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். எது கேட்டாலும் "ஒண்ணுமில்ல", "ம்", "சும்மா இரும்மா". அப்பா கடை வைத்திருக்கிறார். இரவு ஒன்பதரைக்கு வந்து மார்க்கை மட்டும் கேட்பார். எட்டாவது படிக்கும் மகளும் இப்போது அண்ணன் வழியிலேயே போகிறாள். பிள்ளைகளோடு மறுபடி ஒட்டிக்கொள்ள வழி இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் ஆசிரியராக, அப்புறம் மாணவர் ஆலோசகராகப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். பிள்ளைகள் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே நிறையக் கேட்டிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

கதவைச் சாத்துவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பதினைந்து வயதில் அது வளர்ச்சிதான். பையன் நண்பர்களோடு சிரித்துப் பேசுகிறானா, விளையாடப் போகிறானா, ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று பாருங்கள். இவையெல்லாம் இருந்து உங்களிடம் மட்டும் பேச்சுக் குறைந்திருந்தால், அவன் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்கிறான், அவ்வளவுதான். எல்லோரிடமிருந்தும் ஒதுங்குகிறான் என்றால் அது வேறு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெற்றோர் எல்லோரும் கேட்பது, "அவன் மனசுல என்ன இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்பதுதான். இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களின் பெற்றோரையும் விசாரித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். அதுவரை, பிள்ளை எங்கே போகிறான், யாரோடு பழகுகிறான் என்று தெரிந்து வைத்திருக்கும் பெற்றோர் நன்றாகக் கண்காணிக்கிறார்கள் என்றே நினைத்து வந்தார்கள். இவர்கள் அந்த விவரம் எந்த வழியாக வந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொண்டதா, கட்டுப்பாடு வைத்துத் தெரிந்துகொண்டதா, பிள்ளை தானாகச் சொன்னதா? பிள்ளை தானாகச் சொன்னதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரிய வழியாக இருந்தது. வெளியே வம்பு தும்பில் மாட்டாமல் இருந்த பிள்ளைகளிடமும் இந்தத் தானாகச் சொல்லும் பழக்கமே அதிகம் தெரிந்தது.

ஆக, அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவனாக மனது வைத்துச் சொன்னதுதான். கேள்வியைக் கூட்டுவதால் பலன் குறைவு. சொன்னால் என்ன ஆகும் என்று அவன் மனதுக்குள் போட்டுப் பார்க்கும் கணக்கைத்தான் மாற்ற வேண்டும்.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் பையன். அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். பையன் இரண்டு தடவை அடுப்படி வாசல் வரை வந்து திரும்பிப் போகிறான். மூன்றாவது தடவை கதவில் சாய்ந்துகொண்டு, "அம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?" என்கிறான்.

இந்தக் கேள்வி காதில் விழுந்ததும் நம் வீடுகளில் வரும் பதில், "என்ன பண்ணித் தொலைச்ச?" அந்த அம்மா அப்படிக் கேட்கவில்லை. நான்கு பூண்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காரு, உரிச்சுக்கிட்டே சொல்லு" என்றார். ஃப்ரீ ஃபயர் என்ற செல்போன் விளையாட்டில் டைமண்ட் (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசு மாதிரி) வாங்குவதற்காகக் கூடப் படிக்கும் பையனிடம் 600 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறான். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, ஆனால் வாய் வரைக்கும் விடவில்லை. "எப்போ திருப்பித் தரணும்?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் வந்தது: "அவன் இப்போ ஆயிரம் கேக்குறான். தரலேன்னா அப்பா கடைக்கு வந்து சொல்லிருவேங்கறான். தினமும் என் சாப்பாட்டையும் வாங்கிக்கிறான்."

பாருங்கள், உண்மையான விஷயம் இரண்டாவதாகத்தான் வந்தது. பிள்ளைகள் எப்போதும் சின்னதை முதலில் சொல்லிப் பார்ப்பார்கள். அதற்கு நாம் குதித்தால் பெரியது உள்ளேயே தங்கிவிடும். 600 ரூபாய்க்கே அந்த அம்மா கத்தியிருந்தால், தன் மகனை ஒருவன் மிரட்டி மதியச் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்கிறான் என்பது அவருக்குத் தெரிந்தே இருக்காது.

அதற்காக அந்த அம்மா தவற்றை விட்டுவிடவில்லை. மறுநாள் நிதானமாகப் பேசினார். கடனைத் தானே கொடுத்துவிடுவதாகவும், கைச்செலவுக்குத் தரும் காசில் மாதம் நூறு பிடித்துக்கொள்வதாகவும் சொன்னார். மிரட்டலைப் பற்றி வகுப்பாசிரியரிடம் பேசலாமா என்று அவனிடமே கேட்டார். முதலில் வேண்டாம் என்றவன், தன் பெயரை எல்லோர் முன்னாலும் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்ததும் சரி என்றான். கடைசியாக, "அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" அவன் "நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றான். கேட்பது ஒரு நாள், தண்டிப்பது இன்னொரு நாள் என்று பிரித்துவிட்டாலே பாதிச் சண்டை குறையும். சொன்ன நிமிடத்திலேயே அடி விழுந்தால், தப்பு செய்ததற்கு அடி என்று பிள்ளைக்குப் படாது. சொன்னதற்கு அடி என்றுதான் படும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. பிள்ளை சொன்ன விஷயம் அன்று இரவே போனில் பெரியம்மாவுக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா, "என்னடா, டைமண்ட் வியாபாரமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார். என்னிடம் வந்த பிள்ளைகள் வீட்டில் பேச்சை நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் அடிக்கு அடுத்து அதிகம் வந்தது இதுதான். சொந்தபந்தத்தில் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பது நமக்குக் கஷ்டம், தெரியும். ஆனாலும் பிள்ளை நம்பிச் சொன்னதை அவனைக் கேட்காமல் உங்கள் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்லக் கூடாது. மகள் விஷயத்தில் இது இரண்டு மடங்கு முக்கியம்.

சரி, இப்போது அவன் எதுவுமே சொல்வதில்லையே, எங்கிருந்து தொடங்குவது? வீட்டுக்குள் நுழைந்த முதல் அரைமணி நேரத்தில் பள்ளியைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். "டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா?" என்று செருப்பைக் கழற்றும் முன்னே கேட்டால், வீட்டுக்குள் வருவதே தேர்வு அறைக்குள் வருவதுபோல் ஆகிவிடும். காலை எட்டுக்குப் போனவன் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து ஆறுக்கு வருகிறான். பசிக்கு ஏதாவது கொடுங்கள், விட்டுவிடுங்கள்.

"உக்காரு, உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்று எதிரெதிரே நாற்காலி போடாதீர்கள். இந்த வயதில் நேருக்கு நேர் பார்த்துப் பேசச் சொன்னால் பிள்ளைகள் இறுகிவிடுவார்கள். கை வேறு வேலையில் இருக்கும்போதுதான் வாய் திறக்கும். கீரை ஆயும்போது, மாடியில் துணி எடுக்கும்போது, எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியில் போகும்போது. டியூஷன் முடிந்து இரவு எட்டு மணிக்கு அழைத்து வருகிறீர்களா? அவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், உங்கள் முகம் அவனுக்குத் தெரியாது, அவன் முகம் உங்களுக்குத் தெரியாது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சில நாள் சுற்று வழியில் வாருங்கள். ஒரு பஜ்ஜிக் கடையில் நிறுத்துங்கள். நீங்களாக எதையும் கிளறாதீர்கள். உங்கள் நாளில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை, அரைமணி நேரம் நின்றேன் என்றால்கூடப் போதும். பல நாள் அவன் பேசாமலே வருவான். அதுவும் சேர்ந்து இருந்த நேரம்தான்.

அவன் பேசத் தொடங்கினால் நடுவில் புகுந்து புத்தி சொல்லாதீர்கள். "ஃபிசிக்ஸ் சார் என்னை எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணிட்டார்" என்றால், "நீ என்ன பண்ணின? சும்மாவா சொல்வார்?" என்று நாம் சார் பக்கம் போய்விடுகிறோம். "அப்புறம்?" என்று கேளுங்கள். "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். யோசனை வேண்டுமா, கேட்டால் மட்டும் போதுமா என்று அவனிடமே விசாரித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கேட்டால் மட்டும் போதும் என்பார்கள்.

காலைச் சண்டையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பத்தாவது வந்துவிட்டால் ஐந்து மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு இரவில் தாமதமாகத்தான் கூடும். உடம்பின் கடிகாரம் இரண்டு மணி நேரம் வரைகூடத் தள்ளிப்போகும். பத்து மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது என்று பிள்ளை சொல்வது சாக்குப்போக்கு இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கத்தைப் பரிந்துரைக்கிறது. இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், பெரிய வகுப்புகளைக் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022 முதல் இது சட்டமாகவே இருக்கிறது. நம் பள்ளி நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது. ஐந்து மணி அலாரத்தை மாற்றலாம். பதினொன்றரைக்குத் தூங்கிய பையனை ஐந்துக்கு எழுப்பி, கொட்டாவி விடுகிறான் என்று திட்டி, அவன் எரிந்து விழுவதை வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். இரவுப் படிப்பு நன்றாக ஓடுகிற பிள்ளையைக் காலையில் ஆறரை வரை தூங்க விடுங்கள். முகத்தில் வித்தியாசம் தெரியும்.

பிள்ளையின் செல்போனை எடுத்து, அதில் உள்ளதை அவனுக்குத் தெரியாமல் படிப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆபத்து என்று வலுவான சந்தேகம் இருந்தால் தவிர, அதைச் செய்யாதீர்கள். ஒரு நாள் தெரிந்துவிடும், அப்புறம் உங்களுக்குத் தெரியாத இரண்டாவது அக்கவுண்ட் தொடங்குவார்கள். அதற்குப் பதில் வெளிப்படையாக ஒரே ஒரு விதி வையுங்கள்: இரவு பத்தரைக்கு மேல் வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஹாலில் சார்ஜில் இருக்கும். எல்லா என்றால் அப்பாவுடையதும். நீங்கள் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு அவனை வைக்கச் சொன்னால் அந்த விதி ஒரு வாரம் தாங்காது.

விளையாட்டு விஷயத்தில் பெற்றோருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ போன்றவற்றில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும்போது நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. ஒன்றில் ஓர் ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிடம், இன்னொன்றில் அரைமணி வரை போகும். நடுவில் விட்டு வந்தால் கூட ஆடும் மூன்று பேரைக் கைவிட்டதாக ஆகும். "சாப்பிட வா, இப்பவே வா" என்றால் அங்கே சண்டை வெடிப்பது இதனால்தான். "இந்த மேட்ச் முடிய எவ்வளவு நேரம்? அது முடிஞ்சதும் அடுத்தது போடாம வந்துரு" என்று கேட்டுப் பாருங்கள். அவன் உலகத்தில் நடப்பது உங்களுக்குக் கொஞ்சமாவது தெரியும் என்று அவனுக்குப் புரியும்.

உங்கள் கணவருக்கு வருகிறேன். இரவு ஒன்பதரைக்கு அலுப்போடு வருகிறவருக்குக் கேட்கத் தெரிந்த ஒரே அன்பான கேள்வி மார்க்காக இருக்கலாம். பையன் காதில் அது அன்பாக விழுவதில்லை. அவரை மாறச் சொல்லிப் பாடம் எடுக்க வேண்டாம். மகனிடம் ஓர் உதவி கேட்கச் சொல்லுங்கள். கடைக்கு வாட்ஸாப்பில் பொருள் பட்டியல் போடணும், கூகுள் மேப்பில் கடை நேரம் தப்பாக இருக்கிறது, மாசக் கணக்கை எக்ஸெலில் ஏற்றணும், "எனக்குக் கத்துக்குடுடா". தனக்குத் தெரியாதது பிள்ளைக்குத் தெரியும் என்று அப்பா ஒப்புக்கொள்ளும் இடத்தில் பதினைந்து வயதுப் பையன் நிமிர்ந்து உட்காருவான். மகளுக்கும் இதேதான், கடை வேலை பையனுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள்.

ஆனால் நெருக்கம் காட்டுகிறேன் என்று கையில் பைக்கைக் கொடுத்துவிட வேண்டாம். சில அப்பாக்கள் இதைத்தான் செய்கிறார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அதைவிட, கூட்டாளிகள் பார்க்கும்போது இந்த வயதுப் பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிகமாகத் துணிந்துவிடுவார்கள். கார்டனர், ஸ்டைன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 2005-இலேயே சோதித்துக் காட்டியது இது. தனியாக நிதானமாக ஓட்டுகிறவன், பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் அதே நிதானத்தில் ஓட்ட மாட்டான்.

மகளைப் பற்றி. வயதுக்கு வந்த சடங்கைப் பெரிதாகச் செய்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், அவளைக் கேளுங்கள். மண்டபம், தெருமுனையில் அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ், மறுநாள் பள்ளியில் பையன்களின் கேலி. இதற்கு அப்புறம் அம்மாவிடம் எதையும் சொல்ல மாட்டேன் என்று முடிவெடுத்த பெண்களை எனக்குத் தெரியும். விருப்பமாகச் செய்துகொள்ளும் பெண்களும் உண்டு. அவள் சொல்வதுதான் கணக்கு. அப்புறம், எப்போதும் அலுப்பு, எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு என்றால் சோம்பேறி என்று முத்திரை குத்தும் முன் ரத்தம் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அவள் வயதில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குணம் என்று நினைத்தது இரும்புச்சத்துக் குறைவாக இருந்த பெண்கள் நிறைய.

காதல் கீதல் என்று ஏதாவது தெரியவந்தால் போனைப் பிடுங்குவது, பள்ளியை நிறுத்துவது, ஊருக்கு அனுப்புவது என்று இறங்கிவிடாதீர்கள். யாரையாவது பிடித்திருப்பது இந்த வயதில் இயல்பு என்று முதலில் சொல்லுங்கள். எல்லை எது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். 18 வயதுக்குள் உடல்ரீதியாக எல்லை மீறினால், இருவரும் விரும்பியிருந்தாலும் அது போக்சோ சட்டத்தின் கீழ் வழக்காகலாம் என்பதை மகனும் அறிந்திருக்க வேண்டும், மகளும் அறிந்திருக்க வேண்டும். யாராவது படம் கேட்டு மிரட்டினால், தப்பு தன்மேல் இருந்தாலும் முதலில் உங்களிடம் வரலாம் என்பதை விஷயம் வருவதற்கு முன்பே ஒருமுறை சொல்லி வையுங்கள்.

இப்போது, காத்திருக்கக் கூடாத நிலைமை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருப்பது, நண்பர்களையும் பிடித்த விளையாட்டையும் விட்டுவிடுவது, பள்ளிக்குப் போகவே மறுப்பது, கையில் கீறல்கள், ஆசையாக வைத்திருந்த பொருளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு. இவற்றில் எதைக் கண்டாலும் நடிப்பு என்று தள்ளாதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; வாய்விட்டுச் சொல்ல வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றைப் பூட்டி வையுங்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும், பிள்ளைகளுக்கென்றே 1098 எண்ணும் இருக்கின்றன. தேர்வு முடிவு வரும் நாளில் இன்னும் கவனம் வேண்டும். தவறிவிட்டால் அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு உண்டு, ஒரு வருடம் வீணாகாது என்பதை முடிவு வருவதற்கு முன்பே, சாதாரணமாகப் பேசும்போது அவன் காதில் போட்டு வையுங்கள்.

நீங்கள் கோபத்தில் அதிகமாகப் பேசிவிட்ட நாளில், "காலைல நான் அப்படிச் சொன்னது தப்பு" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். பின்னாலேயே "ஆனா நீயும்..." என்று சேர்க்க வேண்டாம்.

இதையெல்லாம் தொடங்கினால் முதல் சில நாள் அவன் சந்தேகப்படுவான். "என்னம்மா ஆச்சு உனக்கு? எந்த யூடியூப் வீடியோ பார்த்த?" என்று கேட்பான். கேட்கட்டும். நீங்கள் உண்மையிலேயே மாறியிருக்கிறீர்களா என்று அறிய வேண்டுமென்றே சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பார்ப்பான்: ஒரு யூனிட் டெஸ்டில் குறைந்த மார்க், உடைந்த டிபன் பாக்ஸ், அந்த மாதிரி. அன்றைக்கு நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைத்தான் அவன் நினைவில் வைத்துக்கொள்வான்.

பொதுத்தேர்வு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் வீட்டில் சொல்லக்கூடும். தேர்வு முடிந்த கையோடு பயாலஜி குரூப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா, பாலிடெக்னிக்கா என்ற முடிவு வந்துவிடும். அதை அவன் உங்களோடு உட்கார்ந்து எடுக்க வேண்டுமென்றால், மார்ச் வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே டியூஷனிலிருந்து அவனை அழைத்து வர நீங்களே கிளம்புங்கள்.